புள்ளிக்குப் பின்னால் போனவன்

ரிடையரான ஆண்களுக்கு ஆளுக்கொரு பித்து பிடிக்கும். உங்களுக்குத் தெரியாததா? ஒருத்தருக்குக் கோயில் கமிட்டி, ஒருத்தருக்குச் சர்க்கரை அளவு, ஒருத்தருக்கு மருமகள். எனக்குப் பிடித்தது தசமப் புள்ளிக்கு வலது பக்கம் வரிசை கட்டி நிற்கிற இலக்கங்கள். என் வீட்டுக்காரி இதை வெளியில் சொல்வதில்லை. யாராவது கேட்டால் "அவருக்கு லேசா பிரஷர்" என்று சொல்லிச் சமாளித்துவிடுகிறாள்.

ஆரம்பித்து வைத்தது ஏடிஎம் கார்டு. பின் நம்பர் எனக்கு ஞாபகம் நிற்காது. மிஷின் முன்னால் நின்று நான் யோசிக்க ஆரம்பித்தால், பின்னால் கியூவில் இருப்பவர்கள் முதலில் இருமுவார்கள், பிறகு யோசனை சொல்வார்கள். "கல்யாண வருஷம் போட்டுப் பாருங்க ஸார்." "அங்கிள், வண்டி நம்பரா இருக்கும்." கடைசியில் என் நம்பரைத் தவிர என் குடும்ப விவரம் முழுக்க அந்த கியூவுக்குத் தெரிந்துவிடும். அதை எங்கேயும் எழுதி வைக்கவும் கூடாதாம். எழுதாமலும் இருக்க வேண்டும், மறக்காமலும் இருக்க வேண்டும் என்றால், கல்யாணமான மனிதனிடம் எதிர்பார்க்கக்கூடிய காரியமா இது?

அப்போதுதான் எட்டாவது படிக்கிற பேத்தி ஸ்கூல் ப்ராஜெக்ட்டோடு வந்தாள். தலைப்பு, பை. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருமே, அந்தப் பை.

"அது 22/7 தானே கண்ணு, இதுக்கு என்ன ப்ராஜெக்ட்?" என்றேன் பெரிய மனுஷத்தனமாக.

"அது பை இல்ல தாத்தா. சும்மா கிட்டத்தட்ட."

வகுத்துக் காட்டினாள். 22-ஐ 7-ஆல் வகுத்தால் 3.142857, மறுபடி 142857, மறுபடி 142857. அந்த ஆறு இலக்கங்களே பிரளயம் வரைக்கும் சுற்றிக்கொண்டிருக்கும். பையோ 3.14159 என்று தொடங்குகிறது. மூன்றாவது தசம இடத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. பையைப் பின்னமாக எழுதவே முடியாது, அது விகிதமுறா எண் என்று 1761-லேயே லாம்பர்ட் என்பவர் நிரூபித்துவிட்டாராம். 1761-ல் முடிந்துபோன சங்கதி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நான் படித்து முடிக்கும்வரை வந்து சேரவில்லை. அரை நூற்றாண்டாகத் தப்பான வட்டத்தில் வாழ்ந்திருக்கிறேன்.

"அதுல எந்த நம்பர் வேணும்னாலும் கிடைக்கும் தாத்தா. உங்க பின் நம்பர்கூட எங்கயாவது இருக்கும்."

பொறி தட்டியது. நம்பரை எழுதத்தானே கூடாது? பையில் அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை எழுதி வைத்துக்கொள்ளலாமே! திருடன் அந்தச் சீட்டைப் பார்த்தாலும் என்ன புரியும்? பேத்தி போனில் தட்டித் தேடிக் கொடுத்தாள். இருந்தது. ஐந்து இலக்க இடத்தில்.

அதாவது, நாலு இலக்கத்தை மறக்காமல் இருப்பதற்காக நான் ஐந்து இலக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் ராசிதான் என்று நினைத்தேன். இல்லையாம், கணக்கே அப்படித்தானாம். 0000-லிருந்து 9999 வரை நாலிலக்க எண்கள் பத்தாயிரம். பையின் இலக்கங்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோலவே நடந்துகொள்வதால், முதல் பத்தாயிரம் இடங்களுக்குள் நம் எண் அகப்பட ஏறத்தாழ 63 சதவீதம்தான் வாய்ப்பு. மீதி 37 சதவீதக்காரர்கள் அதைத் தாண்டிப் போக வேண்டும். வாழ்க்கையில் நான் எந்தக் கணக்கில் மீதியில் இல்லாமல் இருந்திருக்கிறேன்? பத்திலக்க மொபைல் நம்பரைத் தேடினால் முகவரியே பத்து, பதினோரு இலக்கத்துக்கு வரும். பொருள் எவ்வளவு நீளமோ, அது இருக்கும் இடத்தின் விலாசமும் ஏறக்குறைய அவ்வளவு நீளம்.

இதை ஒரு மகா கண்டுபிடிப்பாகக் காம்பவுண்டு சுவருக்கு அந்தப்பக்கம் நின்ற ரிடையர்டு தாசில்தாரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப நம்பரையே ஞாபகம் வச்சுக்கலாமே ஸார்" என்றார்.

சில எண்களுக்கு மட்டும் அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது. 16470 என்ற எண், பையில் புள்ளிக்குப் பின் 16470-வது இடத்தில் தொடங்குகிறது. 44899-ம் அப்படியே, 44899-வது இடத்தில். தன் பெயரே தன் விலாசம். இந்த மாதிரி ஒரு பின் நம்பர் கிடைத்தால் நான் ஏன் கஷ்டப்படப் போகிறேன்? வங்கியில் கவுன்ட்டர் பெண்ணிடம் போய் "ஐந்து இலக்கத்தில் பின் நம்பர் தருவீங்களா?" என்று கேட்டேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "நாலே நிக்கலைன்னு போன மாசம்தானே வந்தீங்க?"

பேத்தி என்னை விடவில்லை. பையில் எல்லா எண்ணும் இருக்கிறது என்று எல்லோரும் நம்புகிறார்களே தவிர, இன்னும் யாரும் நிரூபிக்கவில்லையாம். நிச்சயமாக எல்லாம் இருக்கிற ஒரு எண் வேண்டுமென்றால் சாம்பர்நவுன் எண்ணைப் பாருங்கள் என்றாள். 1933-ல் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மாணவர் அவர். செய்தது இவ்வளவுதான்: சைபர் போட்டு, புள்ளி வைத்து, 123456789101112 என்று ஒன்றிலிருந்து எண்களை இடைவெளி விடாமல் எழுதிக்கொண்டே போனார். இதை நான் ஒன்றாம் வகுப்பில் பலகையில் செய்திருக்கிறேன், இடைவெளி விடாததற்காக அடியும் வாங்கியிருக்கிறேன். அவர் செய்தபோது அதில் எல்லா இலக்கங்களும், எல்லா இலக்கக் கூட்டங்களும் நியாயமான பங்கில் வருகின்றன என்று நிரூபணம் எழுதினார். அதனால் அவர் கணித மேதை, நான் மாமனார்.

பரவாயில்லை, இதில் என் நம்பர் கட்டாயம் இருக்கும், தேடவும் வேண்டாம், எந்த இடம் என்று கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்றிலிருந்து 999 வரைக்கும் 2889 இலக்கங்கள். 1000 என்பது 2890-வது இடத்தில் ஆரம்பம். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் நாலு நாலாகக் கூட்டிக்கொண்டே போனால் போதும். பாதிக் கணக்கில்தான் உறைத்தது. என் நம்பர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க, எனக்கு முதலில் என் நம்பர் தெரிந்திருக்க வேண்டும்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் புள்ளிக்குப் பின்னால் போனவன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

பையின் முதல் பதின்மூன்று தசம இடங்களுக்குள் ஒன்றிலிருந்து ஒன்பது வரைக்கும் எல்லாரும் வந்து ஆஜர் சொல்லிவிடுகிறார்கள். சைபரை மட்டும் காணோம். இருபது தாண்டுகிறது, முப்பது தாண்டுகிறது, ஆளில்லை. முகூர்த்தம் முடிந்து முதல் பந்தியும் எழுந்த பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து சேருகிற தாய்மாமனைப்போல 32-வது இடத்தில் சாவகாசமாக வந்து நிற்கிறது. எனக்கு இதில் ஒரு சொந்தம் தோன்றிவிட்டது. வீட்டில் எனக்கும் கிட்டத்தட்ட அந்த மதிப்புதானே.

சொந்தம் தோன்றியதும் மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன். இலக்கு 762-வது இடம். அங்கே ஒன்பது, ஒன்பது, ஒன்பது என்று வரிசையாக ஆறு ஒன்பது வருகிறது. அதுவரை ஒப்பித்துவிட்டு, கடைசியில் "ஒன்பது, ஒன்பது, ஒன்பது, இப்படியே போகும்" என்று கையை ஆட்டி முடித்துவிடலாம். கேட்பவர்கள் பை அங்கேயே முடிந்துவிட்டதாக நினைத்து அசந்துபோவார்கள். 767-க்கு மேல் என்ன வருகிறது என்று எழுந்து கேட்க நம் சொந்தக்காரர்களில் யார் இருக்கிறார்கள்?

காலையில் மொட்டைமாடியில் நடந்துகொண்டே முணுமுணுப்பேன். "ஒண்ணு நாலு ஒண்ணு அஞ்சு ஒன்பது, ரெண்டு ஆறு அஞ்சு மூணு அஞ்சு." எதிர் மாடியில் வடாம் காயப்போட வருகிற பாட்டி சில நாள் கவனித்துவிட்டு, "எந்த ஸ்தோத்திரம்? சொன்னா என்ன பலன்?" என்று கேட்டாள். வட்டத்தின் சுற்றளவு கிடைக்கும் என்று சொல்ல வாய் வரவில்லை. மனசு அமைதியாகும் என்றேன். பாவம், அவளும் ஐந்தாறு இலக்கம் கற்றுக்கொண்டாள்.

பேத்திக்கு முன்னால் அரங்கேற்றம். 31 இடம்வரை தடுமாறாமல் போனேன். அடுத்தது 2 என்றேன்.

"சைபர் தாத்தா!"

என் சொந்தக்காரனை நானே மறந்துவிட்டேன். எனக்கு ஆறுதல் சொன்னவர் சீனாக்காரர் லூ சாவ். 2005-ல் அவர் 67,890 இலக்கம் ஒப்பித்தார். சாப்பிடாமல் தூங்காமல் ஒரு நாள் முழுக்க. அடுத்த இடத்தில் சைபருக்குப் பதிலாக ஐந்து என்று சொல்லி அவுட். அவரையும் விழத்தட்டியது அதே சைபர்தான். நடுவில் கொஞ்சம் தூரம் வித்தியாசம், அவ்வளவுதான்.

இந்த ஆறுதலை வீட்டுக்காரியிடம் பகிர்ந்துகொண்டது என் புத்தி. அதற்குள் பேத்தி அவளுக்கு வேறு செய்தி கொடுத்திருந்தாள். 2015-ல் நம் வேலூரில், விஐடி பல்கலைக்கழகத்தில், ராஜ்வீர் மீனா என்ற இளைஞர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஏறத்தாழ பத்து மணி நேரத்தில் எழுபதாயிரம் இலக்கம் சொல்லி கின்னஸில் ஏறினாராம்.

"கண்ணைக் கட்டிக்கிட்டு எழுபதாயிரம். நீங்க கண்ணைத் திறந்துக்கிட்டுக் கடைக்குப் போயி, கொத்தமல்லி வாங்கிட்டு வாங்கன்னா புதினா வாங்கிட்டு வரீங்க."

எனக்கு மீனாக்கள் வேண்டாம். எனக்கு வேண்டியவர் வில்லியம் ஷாங்க்ஸ். இங்கிலாந்தில் ஹௌட்டன்-லீ-ஸ்பிரிங் என்ற ஊரில் பள்ளிக்கூடம் நடத்திய மனிதர். வருஷக்கணக்காகக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து கையாலேயே கணக்குப் போட்டு, 1873-ல் பையை 707 இடம் வரைக்கும் வெளியிட்டார். உலகமே ஒப்புக்கொண்டது. 1937-ல் பாரிஸில் ஒரு அறிவியல் காட்சியகத்தின் வட்ட அறையில் அந்த 707-ஐயும் மரத்தில் பெரிது பெரிதாகச் செய்து சுவரைச் சுற்றிப் பதித்தார்கள். 1940-களில் ஃபெர்குசன் என்பவர் சரிபார்க்கப் போனால், 528-வது இடத்தில் தப்பு. ஒரு இடத்தில் சறுக்கினால் அப்புறம் வருவது அத்தனையும் குப்பை. 180 இலக்கம் போச்சு. 1949-ல் சுவரில் பதித்ததைத் திருத்தினார்கள். ஷாங்க்ஸ் 1882-லேயே காலமாகிவிட்டார். கடைசிவரை அவருக்குத் தெரியாது. எப்பேர்ப்பட்ட பாக்கியவான்! நான் போடுகிற மளிகைக் கணக்கில் தப்பு, ரசீது காய்வதற்குள் தெரிந்துவிடுகிறது. எழுபது வருஷம் கண்டுபிடிக்கப்படாமல் ஒரு தப்பைக் காப்பாற்றிய ஆண் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

ஷாங்க்ஸ் கொஞ்சம் பொறுத்திருந்தால் நம் கும்பகோணத்துக்காரர் உதவியிருப்பார். 1914-ல் ராமானுஜன் வெளியிட்ட பை சூத்திரங்களில் ஒன்று, ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய எட்டு சரியான இலக்கங்களைக் கொடுக்கிறது. 1985-ல் அமெரிக்காவில் காஸ்பர் என்பவர் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒன்றேமுக்கால் கோடி இலக்கம் எடுத்தார். நானும் விடவில்லை. பால் கணக்கு கால்குலேட்டரை எடுத்து முதல் படியை மட்டும் போட்டேன். 1103-ஐ எட்டின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதைக் கொண்டு 9801-ஐ வகுத்தால் முடிந்தது. 3.1415927! முதல் ஆறு தசம இடம் கச்சிதம். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் போட்ட கணக்கு சரியாக வந்தது. கத்தி எல்லோரையும் கூப்பிட்டேன். அவர்கள் வந்து சேர்வதற்குள் கால்குலேட்டர் தானாக அணைந்துவிட்டது.

அடுத்த வாரம் பேத்தி வேறு விளையாட்டைக் கொண்டுவந்தாள். பையை முன்னாலிருந்து வெட்டிக்கொண்டே வந்தால் எவையெல்லாம் பகா எண்? 3 பகா எண். 31-ம் அப்படித்தான். 314 இரட்டை, 3141 மூன்றால் வகுபடும், 31415 ஐந்தால். அடுத்தது 314159, அது பகா எண்ணாம். அதற்கப்புறம் வருவது 38 இலக்கம் உள்ளது. இந்த மாதிரி எண் வரிசைகளையெல்லாம் தொகுத்து வைக்கவே ஒருவர் வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார். நீல் ஸ்லோன் என்று பெயர். 1964-ல் மாணவராக இருக்கும்போது ஆரம்பித்து, 1973-ல் 2372 வரிசைகளோடு புத்தகம் போட்டார். இப்போது அந்தத் தொகுப்பில் லட்சக்கணக்கில் சேர்ந்திருக்கின்றன. பையின் இலக்கங்களுக்கு அதில் A000796 என்று தனி நம்பரே உண்டு. அந்த மனிதரைப் பற்றித் தெரிந்ததும் எனக்கு ஒரு நிம்மதி. நமக்குப் பிடித்தது வியாதி இல்லை, தொகுப்பு.

"314159 பகா எண்ணுன்னு நீயா வகுத்துப் பார்த்தே? போன் சொன்னா நம்பிடறதா?" என்று பேத்தியைக் கேட்டேன். இந்த மாதிரி வாயால்தான் நான் கெடுவது. அதன் வர்க்கமூலம் 560-க்குச் சற்று மேல். அதுவரைக்கும் உள்ள பகா எண்களாலெல்லாம் வகுத்துப் பார்க்க வேண்டும். மொத்தம் 102. இரண்டு, மூன்று, ஐந்தைப் பார்த்தே தள்ளிவிடலாம். மீதியைக் காலண்டர் தாளின் பின்பக்கம் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஏழால் வகுத்தேன், மீதி வந்தது. பதினொன்று, மீதி. பதின்மூன்று, மீதி. ஒவ்வொரு மீதிக்கும் எனக்கு உற்சாகம். 300 தாண்டியபோது எங்கேயோ தண்ணீர் கொட்டுகிற சத்தம். கிட்டே வந்துவிட்டேன், இப்போது எழுந்திருந்தால் கணக்கு விட்டுப்போகும். 400 தாண்டியபோது கீழ்வீட்டுக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். 557-ஆல் வகுத்து, மீதியைப் பார்த்து, "பகா எண்ணேதான்!" என்று கத்தியபோது வாசலில் தெருவே நின்றது. மோட்டாரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவன் அணைக்க மறந்துவிட்டேன். மாடி டேங்க் நிரம்பி வழிந்து, எதிர் மாடிப் பாட்டியின் வடாம் வரைக்கும் சாரல் அடித்திருந்தது. மனசு அமைதியாகும் என்று நான் சொல்லிக்கொடுத்த இலக்கங்களை அவள் அதற்கப்புறம் சொல்வதில்லை.

வீட்டுக்காரி திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சமாதானம் செய்ய, இலக்கங்களை வைத்துக்கொண்டு பெரிய பெரிய கம்பெனிகளே விளையாடுகின்றன என்று எடுத்துச் சொன்னேன். ஈ என்று ஒரு விகிதமுறா எண் இருக்கிறது, 2.718281828 என்று போகும். 2004-ல் கூகுள் கம்பெனி அமெரிக்காவில் சாலையோர விளம்பரப் பலகையில் பெயர்கூடப் போடாமல், அந்த ஈயின் இலக்கங்களில் முதலில் வருகிற பத்திலக்கப் பகா எண் எது என்று மட்டும் கேட்டது. கண்டுபிடிக்கிறவர்களை வேலைக்கு இழுக்கத்தான். விடை 7427466391. அதே வருஷம் பங்கு வெளியிட்டபோது திரட்டப்போவதாகச் சொன்ன தொகை 2,718,281,828 டாலர்.

"அவங்க அந்த நம்பரைக் காட்டிப் பணம் வாங்கினாங்க" என்றாள். "நீங்க தண்ணி பில் வாங்கியிருக்கீங்க."

இவ்வளவுக்கும் காரியத்துக்கு எத்தனை இலக்கம் வேண்டும் என்று பார்த்தால், நாசாவில் கிரகங்களுக்குக் கலம் விடுகிறவர்களே பையில் பதினைந்து தசம இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனாலும் 2022-ல் கூகுளில் எம்மா ஹருகா இவாவ் என்ற அம்மாள் ஐந்து மாதத்துக்கு மேல் கம்ப்யூட்டர்களை ஓடவிட்டு நூறு லட்சம் கோடி இலக்கம் எடுத்தார். நூறு லட்சம் கோடியாவது இடத்தில் வந்து நின்றது எது தெரியுமா? சைபர். அவ்வளவு தூரம் போனாலும் நம்ம ஆள் அங்கே இருக்கிறான்.

போன மாதம் மதுரையில் மச்சினன் மகள் கல்யாணம். புது சூட்கேஸ், மூன்று இலக்க நம்பர் பூட்டு. நம்பர் வைக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு விகிதமுறா எண்ணின் முதல் மூன்று இலக்கம் வைத்தேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எந்த எண் என்பதுதான் மதுரையில் ஞாபகம் இல்லை. ரிசப்ஷனுக்கு அரை மணி இருக்கிறது, பட்டுப்புடவை உள்ளே. பை, 314. திறக்கவில்லை. ஈ, 271. இல்லை. இரண்டின் வர்க்கமூலம் 141, மூன்றினுடையது 173, ஐந்தினுடையது 223. தங்க விகிதம் 161. பெண் வீட்டார் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "கணக்கு வாத்தியாரா இருந்தாரா?" என்று யாரோ கேட்க, "லேசா பிரஷர்" என்று பதில் போயிற்று.

மச்சினன் வந்தான். "தள்ளுங்க அத்தான்" என்று மூன்று சக்கரத்தையும் சைபருக்குத் திருப்பினான். டப் என்று திறந்துகொண்டது. நம்பர் மாற்றும்போது ஓரத்தில் இருக்கிற சின்னப் பொத்தானை அமுக்கிப் பிடிக்க வேண்டுமாம். நான் அமுக்கவில்லை. கடையில் வாங்கியபோது இருந்த 000 அப்படியே இருந்திருக்கிறது.

"இதுவும் உங்க பையில இருக்கோ?" என்றாள் புடவையை எடுத்துக்கொண்டே.

"601-வது இடத்தில்" என்றேன். உண்மை, மூன்று சைபர் சேர்ந்தாற்போல் முதலில் வருவது அங்கேதான்.

அன்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, பொத்தானை அமுக்கிப் பிடித்து, பூட்டை 601-க்கு மாற்றினேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கும் இனிமேல் மறக்காது. பெருமை தாங்காமல் காலையில் அவளிடம் மட்டும் சொன்னேன். குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், சூட்கேஸின் மேல் மொய்க்கவர் ஒன்றைக் கிழித்து ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் 601 என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தாள்.